வேலம்மா காட்டிய முள்

தோணிரேவு ஊர் ஆண்பிள்ளைகள் தங்களுக்குப் புயலென்றால் பயமில்லை என்று மார்தட்டிக்கொள்வார்கள். கெளுத்தி மீனின் முள்ளுக்கு மட்டும் அத்தனை பேரும் பயந்தார்கள். வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். பழவேற்காடு ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வலை கட்டுகிறவனுக்குக் காலடிச் சேற்றில் என்ன கிடக்கிறது என்று தெரியாது. புதைந்து கிடக்கும் கெளுத்தியை மிதித்தால் முள் உள்ளே போய், நுனி ஒடிந்து அங்கேயே தங்கிவிடும். அன்றைக்கே கால் வீங்கும், காய்ச்சல் வரும். நேற்று வரை மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தவன், மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி வேலம்மா வீட்டுக்கு வந்து சேருவான்.

வேலம்மா முள் எடுக்கிறவள். பழவேற்காட்டுக் கோட்டையின் மேல் ஒல்லாந்தர் என்ற டச்சுக்காரர்களின் கொடி பறந்துகொண்டிருந்த காலம் அது. புருஷன் தோணியோடு முகத்துவாரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். பிள்ளை குட்டி கிடையாது. அவளுக்கென்று இருந்தவை ஒரு முள்வாங்கி, இரண்டு ஊசி, நன்றாகத் தீட்டிய ஒரு சின்னக் கத்தி, நடுங்காத கை. அழுகிற ஆம்பளையை அதட்டி உட்காரவைத்து, காலைத் தன் மடியில் போட்டுக்கொண்டு, பேச்சுக் கொடுத்துக்கொண்டே முள்ளை எடுத்துவிடுவாள். எடுத்த முள்ளை, குத்து வாங்கியவன் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுத் தன் கையாலேயே அடுப்பில் போட வேண்டும். அப்போதுதான் வலி விடும் என்பது ஊர் வழக்கம். வேலம்மாவுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. தன்னிடம் வந்த யாரிடமும் முள் இல்லை என்றோ, கிடைக்கவில்லை என்றோ அவள் சொன்னதே கிடையாது.

அந்தத் தலைக்கனம்தான் கடைசியில் வினையாக வந்தது.

அவளுடைய தம்பி துளசிங்கம். அம்மா போன பிறகு அவள் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். அவனுக்கும் பெரியசாமி என்கிறவனுக்கும் சேர்த்து ஒரே வலை. ஏரியில் வலை கட்டும் இடத்தைப் பாடு என்பார்கள். எந்தப் பாட்டில் யார், எந்தெந்த நாளில் வலை கட்டுவது என்பதைச் சித்திரையில் ஊர் கூடி ஓலைச் சீட்டுப் போட்டு முடிவு செய்யும். சீட்டில் பேர் இல்லாதவன் அந்த வருஷம் முழுக்க ஏரியைக் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பெரியசாமிக்குச் சொந்தம் என்று யாருமில்லை. சாப்பாடெல்லாம் துளசிங்கத்தின் மனைவி தேவகி கையால்தான். நல்லவன், ஆனால் யார் எதைச் சொன்னாலும் அப்படியா என்று கேட்டுக்கொள்ளும் சுபாவம். அவனைக் கேலி செய்து சலித்துப்போனவர்கள் ஊரில் பாதிப் பேர்.

துளசிங்கம் தண்ணீரில் இறங்கிக் கழி ஊன்றுவான். பெரியசாமி தோணியில் இருந்தபடி மீனைப் பிரிப்பான். கெளுத்தி வந்தால் முள்ளை ஒடித்துச் சட்டியில் போட்டுக்கொள்ள வேண்டும், கரைக்கு வந்து ஆழமாகப் புதைக்க வேண்டும். ஒடித்த முள்ளை ஏரியில் போடுகிறவனைப் போல ஒரு பாவி அந்த ஊர்க் கணக்கில் கிடையாது. இன்னொருத்தன் கால் வைக்கிற இடத்தில் விஷத்தை விதைக்கிறவன் என்பார்கள்.

தங்கள் முறை வராத நாட்களில் துளசிங்கம் சில வருஷமாகக் கோட்டைக் கிடங்குக்குப் பொதி சுமக்கப் போய்க்கொண்டிருந்தான். கப்பலுக்குப் போகிற துணிப் பொதி. சேற்றிலும் மணலிலும் நடந்து பழகிய கால், தலையில் பாரத்தோடு கருங்கல் தரையில் நாளெல்லாம் நடந்தது. அது காலுக்கு எப்படி இருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. நாலு காசு வருகிறதே என்றுதான் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள்.

அந்த வருஷம் மழை விட்ட சமயத்தில் அவனுக்கு வலது குதிகாலில் வலி கண்டது. காலையில் பாயிலிருந்து எழுந்து முதல் அடி வைத்தால் உயிர் போகும். சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நடப்பான். கொஞ்சம் நடந்த பிறகு வலி மட்டுப்படும், மத்தியானம் பார்த்தால் சாதாரணமாக இருப்பான். சாயங்காலம் மறுபடியும் ஆரம்பிக்கும். ஏரியில் இறங்குகிறவனுக்குக் குதிகாலில் குத்தினால் அது முள்ளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை. வேலம்மாவுக்கும் இல்லை.

அவள் தம்பியின் காலை மடியில் போட்டுக்கொண்டு பார்த்தாள். வீக்கமில்லை, சிவப்பில்லை, குத்துவாய் எங்கேயும் தெரியவில்லை. அப்போதே அவள் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் குதிகாலின் உள்பக்கம், பாதம் ஆரம்பிக்கிற இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தியதும் துளசிங்கம் துடித்துப்போனான். இங்கேதான் இருக்கிறது என்று அவள் கீறினாள். ஊசியை விட்டுப் பார்த்தாள். உள்ளே கெட்டியாக ஒரு முனை தட்டுப்பட்டது. முள்வாங்கியால் பிடித்து இழுத்தாள், அது அசையவே இல்லை. மறுபடியும் கீறினாள். ரத்தம் மடியை நனைத்தது. எதிரே உட்கார்ந்திருந்த தேவகி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

"எடுத்துடுக்கா. எப்படியாவது எடுத்துடு" என்று தம்பி அழுதான்.

வேலம்மா முதல்முறையாகப் பாதியில் முள்வாங்கியைக் கீழே வைத்தாள். இதற்கு மேல் கீறினால் கால் போய்விடும் என்று தெரிந்தது. முள் வரவில்லை என்று சொல்லவும் நாக்கு எழவில்லை. வெந்நீர் எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனாள். காலையில் குழம்புக்கு ஆய்ந்த கெளுத்திகளில் ஒன்று முள் ஒடிக்காமல் வந்திருந்தது, அந்த முள் அடுப்போரம் கிடந்தது. அதை விரலால் முறித்து, துண்டை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு வந்தாள். காயத்தில் முள்வாங்கியை வைத்து ஒரு தரம் திருகினாள். பிறகு ரத்தத்தோடு அதைத் தூக்கிக் காட்டினாள்.

தேவகி கையெடுத்துக் கும்பிட்டாள். துளசிங்கம் சிரித்தான், அப்படியே மயங்கியும் போனான். வேலம்மா தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். உள்ளே இருக்கிற முள் தானாகச் சீழ் வைத்து வெளியே வந்துவிடும், இப்போதைக்குத் தம்பி மனசு ஆறினால் போதும், வேறு யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தாள். அன்று சோறு இறங்காததற்கு ரத்தத்தைப் பார்த்ததுதான் காரணம் என்றும் நினைத்துக்கொண்டாள்.

துளசிங்கம் அந்த முள்ளை அடுப்பில் போடவில்லை. அங்கேதான் விஷயம் கைமீறியது. அவன் அதைக் கழுவி வெயிலில் வைத்துப் பார்த்தான். மீன் குத்தி ஒடிந்த முள்ளாக இருந்தால் அடி சிலும்பலாக, பிசிறு பிசிறாக இருக்கும். இதுவோ முறுக்கி ஒடித்த முள், கையால் ஒடித்தது. மீன்காரனுக்கு அதைப் பார்த்த மாத்திரத்தில் தெரியாதா? அப்படியென்றால் உயிருள்ள மீன் அவனைக் குத்தவில்லை. தோணியில் ஒடித்த முள்ளை யாரோ அவன் நிற்கிற இடத்தில் தண்ணீரில் போட்டிருக்கிறார்கள். அவன் பாட்டில் தோணியில் உட்கார்ந்து முள் ஒடிக்கிறவன் ஒரே ஒருவன்தான்.

ஊர் கூடியது. ஊர்த் தலைவரான நாட்டார் பொன்னுரங்கம் நடுவில் உட்கார்ந்தார். நியாயம் தப்பாதவர் என்று பேர் எடுத்த மனுஷர். பெரியசாமி அம்மன் பேரில் சத்தியம் செய்து, ஒரு முள்கூடத் தன் கையிலிருந்து தண்ணீரில் விழவில்லை என்றான். முள் நாட்டார் கையில் இருந்தது. அவர் வேலம்மாவைக் கூப்பிட்டு, இது உன் தம்பி காலிலிருந்து வந்ததுதானே என்று கேட்டார். எல்லாக் கண்களும் அவள் மேல் இருந்தன. தம்பி கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வேலம்மா ஆமாம் என்று தலையை ஆட்டினாள். வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காததால் அது பொய்யாகாது என்று பிறகு பல நாள் தனக்குள் வாதாடிப் பார்த்தாள், ஜெயிக்கவில்லை.

தீர்ப்பு வழக்கமானதுதான். பெரியசாமி பாட்டில் கால் வைக்கக் கூடாது, சித்திரைச் சீட்டிலும் அவன் பேர் வராது. செய்த தப்பை ஒத்துக்கொண்டு, பாதிக்கப்பட்டவன் காலில் ஊரறிய விழுந்தால் அப்போது பார்க்கலாம். பெரியசாமி எதை ஒத்துக்கொள்வது என்று கேட்டுவிட்டுப் போனான்.

தேவகி அவனுக்குச் சோறு போடுவதை நிறுத்தினாள். அவன் சுண்ணாம்புக் காளவாய்க்குக் கிளிஞ்சல் பொறுக்கப் போனான். வலைக்காரன் கிளிஞ்சல் கூடையைத் தூக்குவது அந்த ஊரில் எவ்வளவு பெரிய இறக்கம் என்று சொல்லத் தேவையில்லை. வழியில் வேலம்மாவைப் பார்த்தால் எப்போதும் போல, சாப்பிட்டியாக்கா என்று கேட்பான். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவள் வேறு வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தாள். ஒரு தரம் வறுத்த மீனை இலையில் கட்டிக்கொண்டு அவன் குடிசைக்குப் போனாள். அவன் கண் கலங்கிவிட்டது. ஊரே ஒதுக்கும்போது அக்கா மட்டும் என்னை நம்புகிறாள் என்று அதை எடுத்துக்கொண்டான். அவளுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது.

துளசிங்கத்தின் காலோ வேறொரு வேடிக்கை காட்டியது. புண் ஆறும்வரை அவன் பாயிலேயே கிடந்தான். பொதியும் இல்லை, கருங்கல்லும் இல்லை. வலி வெகுவாகக் குறைந்தது. முள் போனதால்தான் குறைந்தது என்று ஊரே சொன்னது, வேலம்மாவே பாதி நம்பினாள். புண் ஆறி அவன் கிடங்குக்குப் போக ஆரம்பித்ததும், அதே இடத்தில், அதே காலை நேரத்தில் வலி திரும்ப வந்தது. அந்தப் பாவி எத்தனை முள் போட்டானோ, மறுபடியும் கீறிப் பாருக்கா என்று அவன் நச்சரித்தான். புண் பழுக்கட்டும், தழும்பு காயட்டும் என்று அவள் ஒவ்வொரு சாக்காகச் சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தாள். 

இந்தச் சமயத்தில்தான் பழவேற்காட்டுப் பெரிய வீடு ஒன்றிலிருந்து ஆள் வந்தது. சமையல்காரப் பெண்ணின் காலில் நண்டுக் கொடுக்கு ஒடிந்துவிட்டதாம். வேலம்மா விடியலிலேயே தோணியில் போனாள். கடல் கடந்து துணி வியாபாரம் செய்யும் குடும்பம், வீடு முழுக்கக் கல் தரை. சமையற்கட்டில் உட்கார்ந்து கொடுக்கை எடுத்து முடித்தபோது, உள்ளறையிலிருந்து வீட்டுக்காரி உம்மு ஹானி எழுந்து வந்தாள். கொஞ்சம் கனத்த சரீரம். சுவரைப் பிடித்துக்கொண்டு, வலது குதிகாலைத் தரையில் படாமல் தூக்கி, நுனிக்காலில் வந்தாள். துளசிங்கம் காலையில் நடப்பதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

வேலம்மா பழக்க தோஷத்தில், எந்த மீன் முள் குத்தியது பீவி என்று கேட்டுவிட்டாள்.

உம்மு ஹானி சிரித்தாள். "என் காலு ஏரித் தண்ணியையே பார்த்தது இல்ல வேலம்மா. எனக்கு ஏது மீன் முள்ளு?"

காலைக் கொடுங்கள் என்று வேலம்மா கேட்டதில் இருந்த பதற்றம் அந்த அம்மாளுக்குப் புரிந்திருக்காது. மெத்தென்ற அந்தப் பாதத்தை மடியில் வைத்து, குதிகாலின் உள்பக்கம் அதே இடத்தில் கட்டைவிரலை அழுத்தினாள். உம்மு ஹானி அல்லா என்று காலை இழுத்துக்கொண்டாள். அதே இடம், நூல் பிடித்த மாதிரி.

பிறகு உம்மு ஹானி தன் தாயாருக்கும் இதே நோவு இருந்ததைச் சொன்னாள். வைத்தியர் அதைக் குதிகால் வாதம் என்றாராம். குதிகாலிலிருந்து விரல் வரைக்கும் உள்ளங்காலில் ஒரு நார் இழுத்துக் கட்டியிருக்கிறது. பாரமான உடம்பும், பாரம் தூக்கி நடக்கிற நடையும், கல் தரையும் அதை நாளெல்லாம் இழுக்கும். படுத்தால் சுருங்கிக்கொள்ளும். காலையில் முதல் அடி வைக்கும்போது மறுபடியும் வெடுக்கென்று இழுபடுவதால்தான் அப்படிக் குத்துகிறது, நடக்க நடக்க இளகிவிடும். வருஷக்கணக்கில் இழுபட்டால் அந்த இடத்தில் எலும்பே முள் மாதிரி முளைவிடுமாம். வெட்டக் கூடாது, கீறக் கூடாது. செங்கல்லைச் சுட்டு, மேலே எருக்கிலையை அடுக்கி, பொறுக்கிற சூட்டில் குதிகாலை வைத்து எடுக்க வேண்டும். காலையில் எழுந்திருக்கும் முன் பாயில் உட்கார்ந்தபடியே துணியைப் பாதத்தில் போட்டு விரல்களைத் தன் பக்கம் இழுத்துவிட வேண்டும். வெறுங்காலோடு கல்லில் நடக்கக் கூடாது. பாரத்தைக் குறைக்க வேண்டும். ஒரே நாளில் போகிற நோவு இல்லை, மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். அம்மாவுக்குச் சரியாகிவிட்டது, தனக்குத்தான் பொறுமை இல்லை என்றாள்.

வேலம்மாவுக்குப் பாதிக்கு மேல் காதில் விழவில்லை. ஊசி முனையில் தட்டுப்பட்ட அந்தக் கெட்டியான முனை, முள்வாங்கியால் பிடித்து இழுத்தும் வராத அந்த முனை, தம்பியின் சொந்த எலும்பு. அவள் அதைத்தான் அன்றைக்குச் சுரண்டிக்கொண்டிருந்தாள். உள்ளே முள் ஒன்று நிஜமாகவே இருக்கிறது, தான் சொன்ன பொய் பாதிப் பொய்தான் என்று இத்தனை நாள் பிடித்துக்கொண்டிருந்த கடைசிக் கொம்பும் கையைவிட்டுப் போயிற்று. 

வந்த உடனே ஊரைக் கூட்டி உண்மையைச் சொன்னாள் என்று எழுதினால் அவளுக்கு மரியாதையாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. அவள் முதலில் சுலபமானதைத்தான் செய்தாள். தம்பி வீட்டுக்குப் போய்ச் செங்கல் சுட்டு, எருக்கிலை போட்டு ஒத்தடம் கொடுத்தாள். பழைய சேலையை மடித்து, பனைநார்ச் செருப்புக்குள் குதிகாலுக்கு மெத்தையாக வைத்துத் தைத்தாள். பொதி சுமக்கப் போகக் கூடாது என்று சண்டை போட்டு நிறுத்தினாள். காலையில் துணி போட்டு இழுக்கும் வேலையைத் தேவகியிடம் ஒப்படைத்தாள். மெல்ல மெல்லக் குணம் தெரிந்தது. மாசி முடியும்போது துளசிங்கம் சுவரைப் பிடிக்காமல் எழுந்து நடந்தான்.

"உன் ஒத்தடம் முள்ளு வெசத்தையே இழுத்துடுச்சுக்கா" என்றான்.

கால் ஆறியது, ஆனால் பெரியசாமி மேல் இருந்த ஆத்திரம் ஒரு சொட்டுக்கூட ஆறவில்லை. தம்பியின் நன்றியைக் கேட்கக் கேட்க வேலம்மாவுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. இன்று சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பாள். தம்பி முகத்தைப் பார்த்ததும் வேறு எதையாவது பேசிவிட்டு வந்துவிடுவாள். தன்னிடம் காலை நீட்டுகிற ஊர் இனிமேல் நம்பி நீட்டுமா என்ற பயமும் இருந்தது. அந்தப் பயம்தான் முதலில் வந்தது, தம்பி நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. அது அவளுக்கே தெரியும்.

சித்திரை பிறந்தது. ஏரிக்கரையில் ஊர் கூடியது. ஆண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள், பெண்கள் பின்னால் நின்றார்கள். ஓலை நறுக்குகளைப் போடப் பானை வந்தது. பெரியசாமிக்காக இன்று பேசிவிடுவது என்று வேலம்மா முடிவு செய்திருந்தாள். அவன் எழுந்து, நான் செய்யவில்லை என்று மறுபடியும் சொல்வான், அந்தச் சமயத்தில் தானும் முன்னால் போய் நின்றுவிடலாம் என்று நினைத்திருந்தாள். தனியாக ஆரம்பிக்க அவளுக்குத் தைரியமில்லை.

நாட்டார் பெரியசாமியைப் பார்த்து, என்னப்பா சொல்கிறாய் என்று கேட்டார்.

பெரியசாமி எழுந்தான். கிளிஞ்சல் பொறுக்கி விரலெல்லாம் வெடித்திருந்தது. "நான் போட்டதுதான் நாட்டாரே. ஒத்துக்கறேன். துளசிங்கம் கால்ல உழுறேன்" என்றான்.

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. நாட்டார் முகம் தெளிந்தது. அவன் தப்பை ஒத்துக்கொண்டுவிட்டான், இனி அவன் பேரும் பானைக்குள் போகும், பாடு கிடைக்கும் என்றார். துளசிங்கம்கூடத் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றான். தேவகி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆக எல்லாம் சரியாகிவிட்டது. யாரும் வேலம்மாவை ஒன்றும் கேட்கப் போவதில்லை. அவள் சும்மா நின்றால் போதும், தம்பிக்குக் கால் கிடைத்தது, பெரியசாமிக்குப் பாடு கிடைத்தது, அவளுக்கும் பேர் கெடவில்லை. உடம்பெல்லாம் லேசான மாதிரி இருந்தது அவளுக்கு. தெய்வமே பார்த்து வழிவிட்டது என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தாள்.

பெரியசாமி துளசிங்கத்தின் முன்னால் போனான். மணலில் மண்டியிட்டு, அவனுடைய வலது பாதத்தை இரண்டு கையாலும் பிடித்தான். குதிகாலில் இருந்த தழும்பு அவன் விரலில் பட்டிருக்க வேண்டும். அவன் தோள் குலுங்கியது. பாடு கிடைப்பதற்காக ஒப்புக்கு விழுகிறவன் அப்படி அழமாட்டான். அவன் நிஜமாகவே மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அதைப் பார்த்த பிறகு வேலம்மாவால் நிற்க முடியவில்லை. ஆண்களை விலக்கிக்கொண்டு உள்ளே போய் அவன் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"எழுந்திரு. அந்த முள்ளு இவன் கால்லேர்ந்து வரல. என் அடுப்பங்கரையிலேர்ந்து வந்துச்சு. கொழம்புக்கு ஆஞ்ச கெளுத்தி. நான்தான் ஒடிச்சு, ரத்தத்துல தோய்ச்சுக் காட்டினேன்."

 துளசிங்கம்தான் முதலில் வாயைத் திறந்தான். "நான் கண்ணால பார்த்தேன்க்கா. இவனைக் காப்பாத்த இன்னாத்துக்கு உன் பேரைக் கெடுத்துக்கிற?" என்று கேட்டான். பின்னால் இரண்டு மூன்று பேர் ஆமாம் என்றார்கள். வேலம்மாவுக்கு மனசு இளகிவிட்டது, பாவம், அவனைத் தூக்கிவிடப் பொய் சொல்கிறாள் என்று ஒருவர் சொன்னது அவள் காதில் விழுந்தது. இத்தனை மாதம் பொய்யை நம்பியவர்களுக்கு, உண்மையைச் சொன்னால் அதுதான் பொய்யாகத் தெரிந்தது.

அவள் தம்பியின் எதிரே உட்கார்ந்தாள். கத்தி படாத இடது காலை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். குதிகாலின் உள்பக்கம் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். பொதி சுமந்தது இரண்டு கால்களும்தானே. துளசிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினான்.

"இந்தக் கால்ல யாருடா முள்ளு போட்டாங்க?" என்று கேட்டாள்.

 பெண்கள் நின்ற இடத்திலிருந்து தேவகியின் குரல் வந்தது. அன்றைக்கு வெந்நீர் எடுக்கப் போன அண்ணி வெந்நீர் இல்லாமல்தான் திரும்பி வந்தாள், கை மட்டும் மூடியிருந்தது, நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று மெதுவாகச் சொன்னாள். அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

வேலம்மா உம்மு ஹானி வீட்டில் பார்த்ததையும் கேட்டதையும் சொன்னாள். கல் தரையையும், பொதியையும், சுருங்கி இழுக்கும் நாரையும், தான் சுரண்டிய எலும்பையும் சொன்னாள். அழாமல் சொல்லி முடித்தாள். துளசிங்கம் அவள் மடியிலிருந்து காலை எடுத்துக்கொண்டான். அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. எழுந்து கூட்டத்தின் மறுபக்கம் போய் உட்கார்ந்துவிட்டான். அது அவள் எதிர்பார்த்ததுதான்.

 பெரியசாமி மேல் குற்றமே இல்லை என்றார் நாட்டார். அன்றைக்கு ஊர் கேட்டபோது வேலம்மா தலையாட்டியதுதான் பெரிய குற்றம், ஊர் மறுபடியும் கூப்பிடும்வரை அவள் யார் காலிலும் கத்தி வைக்கக் கூடாது என்றார். அவள் சரி என்றாள். பானையில் ஓலைகள் விழுந்தன, பெரியசாமியின் ஓலையும் விழுந்தது. அவனுக்கு நல்ல பாடாகவே வந்தது. கூட்டம் கலைந்தது.

பெரியசாமி மட்டும் மணலிலேயே உட்கார்ந்திருந்தான். வேலம்மா அவனிடம் போனாள். அவன் திட்டட்டும், இரண்டு அடி அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் போனாள். அவன் காலில் விழக் குனிந்தாள், அவன் விடவில்லை. கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவன் போல் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லாரும் சொன்னாங்களேன்னு நானும் யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன்க்கா. ஒரு நாளு ஞாபகம் வந்துடுச்சு. தோணியில குந்திக்கினு இருக்கேன், இந்தக் கையில முள்ளு, அப்படியே தண்ணியில உடறேன். அது முழுவுறது கூட தெரியுது. இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது" என்றான். பிறகு அவள் பக்கம் திரும்பினான். "நடக்கவே இல்லைன்னு சொல்ற. சரி, நான் பார்த்துட்டேனே. அத இன்னா பண்றது?"

 அவன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.